கடற்புல் ஆய்வுக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்: எங்கே, எதைப் படிக்கலாம்?

கடல்புல் | மண்டபம்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டு கடற்புல் ஆய்வுத் திட்டம் ஒன்றில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்திருக்கிறேன். மொத்தம் 12 இடங்கள். ஆறு பாக் நீரிணைப் பக்கம், தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை. மற்ற ஆறு மன்னார் வளைகுடாவில், மண்டபம் தீவுகளைச் சுற்றி. ஒவ்வோர் இடத்திலும் ஆண்டுக்கு இரண்டு முறை கடற்புல் பரப்பு, வகை, அடர்த்தி பார்க்க வேண்டும், வண்டல் மாதிரியும் எடுக்க வேண்டும். இரண்டு கடலையும் ஒப்பிடுவதுதான் ஆய்வின் கேள்வி.

"உனக்கு அறிவியல் தெரியும், திட்டத்தை நடத்தத் தெரியணும். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிச்சுட்டு வா" என்று கைடு சொல்லிவிட்டார். தேடிப் பார்த்தால் எல்லாப் பாடமும் கட்டடம் கட்டுவது பற்றி அல்லது சாஃப்ட்வேர் பற்றி. காசு கட்டி பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழ் எடுக்கலாமா? ஆராய்ச்சிக்கென்று தனியாக ஏதாவது இருக்கிறதா?

முன்மொழிவில் உள்ள கான்ட் சார்ட்டின் (எந்த வேலை எந்த மாதம் என்று காட்டும் பட்டை அட்டவணை) சுருக்கம் இது: முதல் ஆறு மாதம் கருவி வாங்குதல், அனுமதி. ஜூலை முதல் செப்டம்பர் வரை தீவுகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொண்டி, தேவிபட்டினம். ஜனவரி முதல் மார்ச் வரை பகுப்பாய்வு, அறிக்கை. அடுத்த ஆண்டும் இதேபோல.

ஐடி மச்சான் | சென்னை, ஊர் பரமக்குடி

பிஎம்பி இப்போது உங்களுக்கு ஆகாது. பட்டதாரி என்றால் 36 மாதம் திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். பிஎம்பி தருகிற பிஎம்ஐ அமைப்பின் தொடக்கநிலைத் தேர்வான கேப்எம்முக்கு அனுபவம் தேவையில்லை, ஆனால் அதுவும் வேலை தேடுகிறவர்களுக்குத்தான் உதவும்.

அரசின் ஸ்வயம் இணையதளத்தில் என்பிடெல் பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். அதில் வேலையை உடைத்துப் பட்டியலிடுவது, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று கோடு போட்டுப் பார்ப்பது, கிரிட்டிக்கல் பாத் (திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கிற வேலைத் தொடர்), ரிஸ்க் ரெஜிஸ்டர் (எது கெடலாம், கெட்டால் என்ன செய்வது என்ற பட்டியல்) இந்த நான்கையும் படியுங்கள். ஏர்ன்ட் வேல்யூ (முடிந்த வேலையைச் செலவோடு ஒப்பிடும் கணக்கு) அத்தியாயம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். மென்பொருளுக்கு ப்ராஜெக்ட்லிப்ரே அல்லது கான்ட்ப்ராஜெக்ட், இரண்டும் இலவசம்.

அப்புறம் எங்கள் ஆபீஸ் மாதிரி இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்ப்ரின்ட், அதாவது குறுகிய கெடுவுக்குள் முடிக்கிற வேலைத் தொகுப்பு, வைத்துப் பாருங்கள். வேலை நகரும்.

நெத்திலி | தங்கச்சிமடம்

கடலில் ஸ்ப்ரின்ட்டா. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கும்போது தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் போட்டால், நிற்கிறவர்கள் எல்லாம் வாந்திதான் எடுப்பார்கள்.

கீழக்கரை காக்கா | கீழக்கரை

தங்கச்சி, பாடமெல்லாம் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். அந்தச் சார்ட்டை யார் போட்டது? தலைகீழாக இருக்கிறது.

ஜூலையில் தீவுப் பக்கம் போகவே முடியாது. அது கச்சான் காத்து நேரம், தெற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். போனாலும் தண்ணீர் கலங்கிப்போய் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அக்டோபர் பாதிக்கு மேல் வாடை (வடகிழக்குக் காத்து) பிடித்தால் தொண்டிக் கடலில் அதே கதை. கச்சானில் வடக்குக் கடல் சாது, வாடையில் தெற்குக் கடல் சாது. இந்தப் பக்கம் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

நான் ஆய்வாளர்களுக்குப் படகு பிடித்துக் கொடுத்து, கூடவே முங்கி மாதிரி எடுத்துத் தருகிறவன். ஒவ்வொரு குழுவும் இப்படி ஒரு சார்ட்டோடுதான் வருகிறது. முதல் வாரம் கரையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகும்.

ஐடி மச்சான்

அப்படியென்றால் தீர்வு சுலபம்தானே காக்கா? இரண்டையும் மாற்றிப் போட்டால் முடிந்தது. ஜூலையில் தொண்டி, நவம்பரில் தீவுகள்.

மிதவை | ராமநாதபுரம்

முடியாது. மாற்றிப் போட்டால் படகு போகும், ஆய்வு போய்விடும்.

கடற்புல் பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். ஒரு கடலை ஜூலையிலும் மற்றதை நவம்பரிலும் அளந்துவிட்டு, "பாக் நீரிணையில் அடர்த்தி அதிகம்" என்று எழுதினால், அந்த வேறுபாடு கடலால் வந்ததா பருவத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியல் முறையாலும் பிரித்துத் தர முடியாது. மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். முன்மொழிவில் உள்ள சார்ட்டிலும் இதே ஓட்டை இருக்கிறது. காற்று சரியாக இருந்தாலும் அந்தச் சார்ட் செல்லாது.

ஆராய்ச்சிக்குத் திட்டமிடுவதும் கட்டடத்துக்குத் திட்டமிடுவதும் பிரிகிற இடம் இதுதான். கட்டடத்தில் வேலைகளின் வரிசை மாறினால் தாமதம் வரும், செலவு கூடும், கடைசியில் நிற்பது அதே கட்டடம். இங்கே வரிசை மாறினால் நீங்கள் கேட்கிற கேள்வியே மாறிவிடுகிறது. அதனால் கால அட்டவணையை ஆய்வு வடிவமைப்பின் ஒரு பகுதியாகப் பார்க்க வேண்டும். உங்கள் கைடையும் புள்ளியியல் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டிய அட்டவணை இது.

கடல்புல்

அப்படியானால் இரண்டு கடலிலும் ஒரே நேரத்தில் இறங்க முடிகிற காலம் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா காக்கா?

கீழக்கரை காக்கா

இருக்கிறது. மாசி பிறந்ததிலிருந்து சித்திரை தொடக்கம் வரை இரண்டு பக்கமும் போகலாம். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கச்சான் ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு முன்னால் ஒரு இடைவெளி கிடைக்கும், செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும். ஆனால் அது சின்னது. சில வருடம் இருக்கிறதே தெரியாமல் போய்விடும்.

வாடைக்காத்து | மண்டபம் முகாம், ஓய்வு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அம்மா, உங்கள் திட்டத்தின் முதுகெலும்பு இந்த இரண்டு இடைவெளிகள்தான். மற்ற எல்லாவற்றையும் அவற்றிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுங்கள். சார்ட்டை இடமிருந்து வலமாக நிரப்பினால் காகிதத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கிரிட்டிக்கல் பாத் முறையை டூபான்ட் நிறுவனம் 1957 வாக்கில் உருவாக்கியது, ரசாயன ஆலைகளைக் கட்டவும் பழுது பார்க்கவும். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகப் பெர்ட் என்ற திட்டமிடல் முறையைக் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரு வேலை பத்து நாள் தாமதமானால் அதைத் தொடர்ந்து வரும் வேலையும் பத்து நாள் தள்ளிப்போகும் என்பதுதான் கணக்கு. இங்கே அந்தக் கணக்கு நடக்காது. ஏப்ரல் பாதிக்குள் முடியாத தீவு வேலை பத்து நாள் தள்ளிப்போகாது, செப்டம்பர் கடைசிக்குப் போய்விடும். அதையும் விட்டால் அடுத்த பிப்ரவரி. மூன்று ஆண்டுத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் மூன்று பெரிய இடைவெளி, மூன்று சின்ன இடைவெளி.

இனி அளவைப் பார்ப்போம். 50 மீட்டர் கோடு மூன்று, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒரு சதுரச் சட்டம் (உள்ளே இருக்கும் புல்லை அளக்கத் தரையில் வைக்கும் சட்டகம்). ஆக ஒரு கோட்டுக்கு 11, ஓர் இடத்துக்கு 33 சட்டங்கள். சட்டம் ஒன்றுக்கு 4 நிமிடம் என்றாலும் 132 நிமிடம். கோடு விரிப்பது, வண்டல் எடுப்பது, படகு போய் வருவது எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். 12 இடத்துக்கு 12 கடல் நாள் வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் கடல் கிடைக்கும் காக்கா?

கீழக்கரை காக்கா

மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள் சார். நான்கு கிடைத்தால் அது அல்லாஹ் தந்தது.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை படகு வராது. பாம்பன், தங்கச்சிமடம் கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு வராது. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். அந்த நாள்களில் அங்கே வள்ளக்காரர்கள் (நாட்டுப்படகுக்காரர்கள்) பெரும்பாலும் வலை விடத் தயங்குவார்கள், வாடகைக்குக் கூப்பிட்டால் வருவார்கள். பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வரும், அந்தச் சமயம் ராமேசுவரம் பக்கம் படகு பிடிக்க முடியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு லாட்ஜில் அறையே கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடை விசைப்படகுக்குத்தான், வள்ளத்துக்கு இல்லை. ஆனால் அப்போது மீன் விலை ஏறிவிடும், வள்ளக்காரர் உங்களை ஏற்றிக்கொண்டு போவதைவிட வலை விடத்தான் பார்ப்பார். கேட்கிற வாடகையும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் எல்லாம் நின்றுவிடும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் இரவே இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்) தரும் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு எனக்கோ படகுக்காரருக்கோ போன் போடுங்கள். காலையில் ஐந்து மணிக்குக் கரையில் நின்றுகொண்டு "போகலாமா" என்று கேட்காதீர்கள்.

வாடைக்காத்து

சரி, வாரம் மூன்று நாள். 12 இடத்துக்கு நான்கு வாரம், இடையூறுகளுக்கு இன்னும் இரண்டு வாரம் சேர்த்தால் ஆறு வாரம். பிப்ரவரி இடைவெளியில் இது பொருந்தும். செப்டம்பர் இடைவெளி மூன்று, நான்கு வாரம்தான். அதில் பொருந்தாது.

ஆக மூன்று வழி. இடங்களைக் குறைப்பது, இரண்டு குழு வைப்பது, அல்லது செப்டம்பரில் பாதி இடங்களை மட்டும் பார்ப்பது. எதுவானாலும் இப்போதே முடிவெடுத்து எழுதிவையுங்கள். முடிவெடுக்காமல் விட்டால் காற்று முடிவெடுக்கும். கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது எளிதாகப் போக முடிந்த இடங்கள் மட்டும்தான். அதைச் சமவாய்ப்பு மாதிரி என்று சொல்ல முடியாது.

மிதவை

என் வாக்கு இடங்களைக் குறைப்பதற்கு. ஒரு கடலுக்கு நான்கு, மொத்தம் எட்டு. ஆண்டுக்கு இரண்டு முறை விடாமல் அளந்த எட்டு இடம், ஓட்டை விழுந்த 12 இடத்தைவிட மேல்.

ஐடி மச்சான்

நான் இரண்டு குழுவுக்கு. ஆள் சேர்த்தால் வேலை முடியும்.

கணக்குப்பிள்ளை | பல்கலைக்கழக நிதிப் பிரிவு

ஆள் சேர்ப்பது உங்கள் ஆபீஸில் ஒரு மெயில் விஷயம் தம்பி. இங்கே ஒரு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) என்றால் 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000, ஆண்டுக்கு 4,44,000. வீட்டு வாடகைப் படி தனி. ஊதியத்துக்கென ஒதுக்கிய தலைப்பில் பணம் இல்லையென்றால் கருவித் தலைப்பிலிருந்து எடுத்துப் போட நமக்கு அதிகாரம் இல்லை. நிதி தரும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் இடைவெளி போய்விடும்.

நான் இந்த இழைக்கு வந்தது வேறு காரணத்துக்காக. பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் பாதி என்கிறீர்கள். நடுவில் மார்ச் 31 இருக்கிறது, யாரும் அதைச் சொல்லவே இல்லை. நிதியாண்டு முடிவு. செலவு அறிக்கையும் ஜிஎஃப்ஆர் (அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள், அது போகாமல் அடுத்த தவணை வராது. நீங்கள் கடலில் சட்டம் வைத்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் வவுச்சர் கேட்டு போன் போடுவோம். வருடா வருடம் நடக்கிற சண்டை இது.

அதனால் கருவி, ரசாயனம் எல்லாவற்றையும் டிசம்பருக்குள் வாங்கி முடித்துவிடுங்கள். டிசம்பரில் பொருள் கைக்கு வர வேண்டும் என்றால் ஜூலையிலேயே விவரக்குறிப்பு எழுதி அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் தேடத் தொடங்க வேண்டும். மார்ச்சில் எங்கள் மேஜைக்கு வர வேண்டியது படகு வாடகையும் பயணப் படியும் மட்டும்தான்.

படகு வாடகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வள்ளக்காரரிடம் ஜிஎஸ்டி பில் கேட்காதீர்கள், அவரிடம் இருக்காது. வவுச்சரில் அவர் பெயர், படகின் பதிவு எண், தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, கையெழுத்து இருந்தால் போதும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. ஸ்டாம்ப்பைக் கரைக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துக்காக அவரைத் தேடினால் அவர் நடுக்கடலில் இருப்பார். அட்வான்ஸ் எடுத்திருந்தால் முந்தையதை முடிக்காமல் அடுத்ததைத் தர மாட்டோம். இது கோபத்தில் சொல்வது இல்லை, விதி அப்படி.

நெத்திலி

இந்த ஒரு பதிவு எந்தப் பாடத்திலும் இல்லை.

கடல்புல்

கணக்குப்பிள்ளை சார், பிரின்ட் எடுத்து ஒட்டிவிட்டேன். அடுத்தது அனுமதி. எங்கள் முன்மொழிவில் "அனுமதி: 2 மாதம்" என்று இருக்கிறது.

ஐடி மச்சான்

அதற்குப் பெர்ட் முறையில் ஒரு சூத்திரம் இருக்கிறது. சீக்கிரம் கிடைத்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, மோசமானால் எவ்வளவு. நடுவில் உள்ளதை 4 ஆல் பெருக்கி, மூன்றையும் கூட்டி, 6 ஆல் வகுக்க வேண்டும். பேச்சுக்கு 2, 4, 9 மாதம் என்றால், 2 + 16 + 9 = 27, வகுத்தால் 4.5 மாதம்.

வாடைக்காத்து

சூத்திரம் சரி தம்பி. ஆனால் அது பல சின்னச் சின்ன வேலைகள் சேர்ந்த திட்டத்துக்கு. ஒன்று கூடினால் ஒன்று குறையும், சராசரி நிற்கும். இங்கே இருப்பது ஒரே ஒரு அனுமதி, அது வராமல் தீவு வேலை எதுவும் நடக்காது. நாலரை மாதத்தை நம்பி விண்ணப்பித்து, ஐந்தாம் மாதம் வந்தால் இடைவெளி போச்சு. இப்படிப்பட்ட ஒற்றைப் பூட்டுக்கு மோசமான கணக்கைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் எண்ணையே எடுத்துக்கொண்டால் 9 மாதம். பிப்ரவரி பாதியில் இறங்க வேண்டுமானால் முந்தைய மே மாதத்திலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா 1986 முதல் இருக்கிறது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதில் வரும். ஆராய்ச்சிக்காக உள்ளே போக 1972 ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அவர் இருப்பது சென்னையில், கடல் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில். விண்ணப்பத்தில் எந்தத் தீவு, எந்த மாதம், எத்தனை பேர், எந்தப் படகு, என்ன எடுப்பீர்கள், எவ்வளவு எடுப்பீர்கள் என்று திட்டவட்டமாக எழுதுங்கள். "மண்டபம் தீவுகள்" என்று மொட்டையாக எழுதாமல் முயல்தீவு, மனோலி, பூமரிச்சான் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். விளக்கம் கேட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு கடிதமும் உங்கள் இடைவெளியைத் தின்னும். போகும் முன் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தனி, அதை வேறு வரியாகப் போடுங்கள்.

நெத்திலி

தொண்டிப் பக்கம் கடற்பசு காப்பகம் வந்துவிட்டதே, அதற்கும் அனுமதி வேண்டாமா?

வாடைக்காத்து

2022 செப்டம்பரில் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் வருகிறது. இவருடைய இடங்கள் அதற்குத் தெற்கே. ஆனால் ஆவுளியாவுக்கு (கடற்பசு) மாவட்ட எல்லை தெரியாது. மேய்ந்த தடம் கண்ணில் பட்டால் குறித்துவையுங்கள், பின்னால் பயன்படும்.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பாக் நீரிணை இடங்கள் பூங்காவுக்கு வெளியே. அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் தேவிபட்டினத்தில் முன்னோட்டம் செய்துவிடலாம். கச்சான் காலத்தில் அந்தக் கடல் சாதுதானே. ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். சட்டம் ஒன்றுக்கு உண்மையில் 4 நிமிடமா 7 நிமிடமா என்பது அப்போதுதான் தெரியும். 7 என்றால் 33க்கு 231 நிமிடம், ஒரு நாளைக்கு ஓர் இடம் என்பதே தடுமாறும். எட்டு இடமா பத்தா என்ற சண்டையை அந்த எண் வந்த பிறகு போடுங்கள்.

மிதவை

முன்னோட்டத்திலேயே தரவுப் பழக்கத்தையும் பிடித்துவிடுங்கள். தண்ணீர் படாத தாளில் பென்சிலால் எழுதி, அன்று இரவே தாளைப் படம் எடுத்து, அன்று இரவே அட்டவணையில் ஏற்ற வேண்டும். "நாளைக்கு ஏற்றலாம்" என்று வைத்த தாளில் யாருடைய கையெழுத்து என்றே பிறகு தெரியாது. கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள், இடக் குறியீடு என்ற வரிசையில். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். மண்டபத்தில் உப்புக் காற்றுக்கு ஹார்ட் டிஸ்க் போகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

இரண்டு பேர் ஒரே சட்டத்தைத் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் அப்போதே செய்யுங்கள். ஒருவர் 40 சதவீதம் என்பதை இன்னொருவர் 60 என்பார்.

ஐடி மச்சான்

சரி, ஸ்ப்ரின்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. மே மாதத்துக்குப் பிறகு பகுப்பாய்வு, கட்டுரை என்று உட்காரும்போது அது உதவும். அந்த வேலைக்குத்தான் காற்றும் இல்லை, கெடுவும் இல்லை. அதனாலேயே இழுத்துக்கொண்டு போகும்.

வாடைக்காத்து

அதை ஒப்புக்கொள்கிறேன். கடலோடு முடிந்துபோன திட்டங்களைவிட, மேஜையில் கிடந்து செத்த திட்டங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடல்புல்

கைடிடம் பேசிவிட்டேன். சார்ட்டை அழித்துவிட்டு மாதக் காலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். இரண்டு இடைவெளிகளுக்கும் பச்சை, மார்ச் 31க்குச் சிவப்பு. தீவு அனுமதிக் கடிதம் இந்த வாரம் போகிறது. கருவி விவரக்குறிப்பு ஜூலைக்குள். முன்னோட்டம் தேவிபட்டினத்தில், காக்கா படகு சொல்லியிருக்கிறார். இடங்களின் எண்ணிக்கை முன்னோட்டத்துக்குப் பிறகு. மார்ச் மாதம் வவுச்சர் சேர்ப்பதற்கென்றே கரையில் ஒருவர் நிற்பார், கடலுக்கு வர மாட்டார். என்பிடெல் பாடத்திலும் பெயர் கொடுத்திருக்கிறேன் மச்சான், நீங்கள் சொன்ன நான்கு மட்டும்.

நெத்திலி

கரையில் நிற்க நான் வருகிறேன். நீச்சல் சுமார்தான்.

கீழக்கரை காக்கா

கரையில் நின்றாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் நிற்க வேண்டும் மாப்ளே, பாதி நேரம் படகில் ஏற்றிவிடுவார்கள். தங்கச்சி, உங்கள் குழுவுக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது எங்கள் ஆள்களுக்குத்தான் சரியாக இருக்கும்.

கடல்புல்

வாங்கிவிடுகிறேன் காக்கா. கணக்குப்பிள்ளை சார், லைஃப் ஜாக்கெட் எந்தத் தலைப்பில் வரும்?

கணக்குப்பிள்ளை

உங்கள் திட்டத்தின் நிதி அனுமதி ஆணையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன், ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். எந்தத் தலைப்பானாலும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றிய பிறகுதான் பில் பாஸ் ஆகும்.